ஊசி போடாமல் ஆணழகன் மேடை: தர்மபுரி, கிருஷ்ணகிரி இளைஞர்கள் படிக்க வேண்டிய இரண்டு தாள்கள்

ஆணழகன் போட்டிக்கு முதல்முறை பெயர் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் ஒரு தாளுக்கு மட்டும் தயாராகி வருகிறார்கள். மேடை, விளக்கு, போஸ், நடுவர் மதிப்பெண் எல்லாம் அந்த முதல் தாளில் அடக்கம். மருந்தில்லாப் போட்டியில் இரண்டாம் தாள் ஒன்று இருக்கிறது. மேடைக்குப் பின்னால் ஒரு சிறு அறையில், குறைந்தது 90 மில்லி சிறுநீர் கொடுத்து எழுத வேண்டிய தாள் அது. வாழ்க்கையில் ஸ்டீராய்டு ஊசியே பார்க்காதவர்கூட அதில் தோற்க முடியும். இருமல் சிரப் போதும், முகம் தெரியாத கம்பெனியின் பவுடர் டப்பா போதும். இரண்டு தாளுக்கும் பாடத்திட்டம் தெளிவாக இருக்கிறது, படித்தால் தேறலாம்.

முதலில் எந்தப் போட்டிக்குப் போவது என்று பாருங்கள். பேனரில் ‘நேச்சுரல்’ என்று அச்சடிக்க யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை. அதனால் பணம் கட்டுமுன் அமைப்பாளரிடம் கேளுங்கள்: சிறுநீர் மாதிரியை யார் எடுக்கிறார்கள், எந்த ஆய்வகத்துக்குப் போகிறது, எத்தனை பேரைச் சோதிக்கிறீர்கள், முடிவு வரும்வரை பட்டத்தை நிறுத்தி வைப்பீர்களா? “இங்கேயே கிட் வைத்துப் பார்த்துவிடுவோம்” என்ற பதில் வந்தால் அது ஸ்டீராய்டு சோதனை ஆகாது. மருந்துக்கடையில் கிடைக்கும் சிறுநீர் கிட் கஞ்சா, மார்ஃபின், ஆம்ஃபெட்டமின் போன்ற போதைப் பொருள்களுக்கானது. நான்ட்ரோலோன், ஸ்டானோசோலால் போன்ற ஸ்டீராய்டுகளைப் பிடிக்க மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி கருவி உள்ள ஆய்வகம் வேண்டும். இந்தியாவில் இதற்கான அரசு ஆய்வகம் தில்லியில் இருக்கும் தேசிய ஊக்கமருந்துப் பரிசோதனைக் கூடம். சில இயற்கை உடற்கட்டு அமைப்புகள் பாலிகிராஃப் எனும் பொய் கண்டறியும் சோதனையும் வைக்கின்றன. சம்மதம் இல்லாமல் அதை யாருக்கும் செய்யக் கூடாது என்று 2010-ல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே ஒப்புதல் படிவத்தை வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். நம் இரு மாவட்டங்களிலும் போட்டி நடத்தும் ஜிம் மாஸ்டர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எல்லாரையும் சோதிக்கப் பணம் இல்லை என்றால், ஒவ்வொரு பிரிவிலும் முதலிடம் வந்தவரையும் குலுக்கலில் இன்னொருவரையும் சோதியுங்கள். கோப்பையின் உயரத்தைக் குறைத்து அந்தப் பணத்தை இதற்குப் போடலாம்.

அடுத்தது நாள்காட்டி. முதல்முறை வருபவர்களின் பெரிய சறுக்கல் இங்கேதான். எட்டு வாரத்தில் ‘கட்டிங்’, அதாவது கொழுப்பைக் கரைக்கும் வேலையை, முடித்துவிடலாம் என்று இறங்குகிறார்கள். மருந்து எடுப்பவருக்கு வேகமாக எடை இறங்கும்போதும் தசை ஓரளவு நிற்கும். மருந்தில்லாத உடம்பில் அவசரப்பட்டால் கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். வாரத்துக்கு உடல் எடையில் 0.5 முதல் 1 சதவீதம், அதற்கு மேல் இறக்கக் கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடை 72 கிலோ, கொழுப்பு 18 சதவீதம். கொழுப்பில்லாத எடை 59 கிலோ. அதைக் காப்பாற்றிக்கொண்டு 8 சதவீதக் கொழுப்புக்கு வந்தால் எடை சுமார் 64 கிலோ, அதாவது 65 கிலோ பிரிவு. இறங்க வேண்டியது 8 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வாரம் அரை கிலோ என்றால் 16 வாரம். காய்ச்சல், திருவிழா, கல்யாணம் என்று நான்கு வாரம் கூட்டி 20 வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஜிம்மில் இருக்கும் கொழுப்பு அளக்கும் மெஷின் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று சொல்லும். அதைவிட, தினமும் காலைக்கடன் முடித்து எடை பார்த்து, ஏழு நாள் சராசரியை எடுங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்பளவை டேப்பால் வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள்.

இன்ஸ்டாகிராமில் பார்க்கும் உடம்போடு உங்களை ஒப்பிடும் முன் ஒரு எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். கொழுப்பில்லாத எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது அது. 170 செ.மீ. உயரத்துக்கு 59 கிலோ என்றால் ஏறக்குறைய 20.4. 1995-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், மருந்து எடுக்காத வீரர்களின் எண் சுமார் 25-ஓடு நின்றுவிட்டது. அது இரும்புச் சட்டம் இல்லை. ஆனாலும் மூன்றே மாதத்தில் அந்த எல்லையைத் தாண்டிய உடம்பைக் காட்டி யாராவது “வெறும் கோழியும் முட்டையும்தான்” என்றால் நம்ப வேண்டாம்.

சாப்பாட்டுக்குத் தர்மபுரிப் பக்கம் குறையே இல்லை. எடை குறைக்கும் காலத்தில் கொழுப்பில்லாத எடை ஒரு கிலோவுக்கு 2.3 முதல் 3.1 கிராம் புரதம் தேவைப்படும். மேலே சொன்ன 59 கிலோவுக்கு நாளொன்றுக்கு 150 கிராம் என்று வைத்துக்கொள்வோம். முழு முட்டை 4, வெள்ளைக்கரு மட்டும் 6: இதில் 45 கிராம். தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி பச்சையாக 300 கிராம்: 66. மீல்மேக்கர் காய்ந்த எடையில் 30 கிராம்: 15. கொள்ளு 40 கிராம்: 9. கேழ்வரகு மாவு 150 கிராம்: 10. தயிர் 200 கிராம்: 6. கூட்டினால் 151. இதோடு 100 கிராம் அரிசியும் இரண்டு டீஸ்பூன் எண்ணெயும் சேர்த்தால் ஏறக்குறைய 2,000 கலோரி. கேஆர்பி அணை மீனோ ஒகேனக்கல் மீனோ கிடைக்கும் நாளில் கோழிக்குப் பதில் அதை எடுக்கலாம், பொரிக்காமல் குழம்பாக.

களி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வெந்த உருண்டையை எடை போட்டுக் கலோரி கணக்கிடாதீர்கள். தண்ணீர் எவ்வளவு ஊற்றினார்கள் என்பதைப் பொறுத்து ஒரே மாவு வேறு வேறு எடை காட்டும். மாவாக இருக்கும்போதே தராசில் வையுங்கள். நிலக்கடலை நம் காட்டில் விளைவதாலேயே கை தாராளமாகப் போகும். 100 கிராமில் 25 கிராம் புரதம் இருப்பது உண்மை, கூடவே 550 கலோரிக்கு மேல் வந்துவிடும், ஆகவே கட்டிங்கில் ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள். மாம்பழக் காலத்தில் ஆசைப்பட்டால் 100 கிராம் சதைக்கு 60 கலோரி என்று கணக்கில் எழுதிவிட்டுச் சாப்பிடலாம். சர்க்கரை சேர்த்த மாம்பழக் கூழ் வேண்டாம்.

தண்ணீரைப் பற்றி வெளியூர்ப் பயிற்சிப் புத்தகங்கள் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நம் மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் ஆதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. சாதாரண ஆள் இரண்டு லிட்டர் குடிக்கிறார். போட்டிக்குத் தயாராகிறவர் வெயிலில் நடந்து, ஜிம்மில் வியர்த்து, ஐந்து லிட்டர் குடிக்கிறார். லிட்டருக்கு 1.5 உள்ள ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் அது ஒரு நாளைக்கு 7.5 மில்லிகிராம் ஃபுளோரைடு. நீடித்தால் பல்லும் எலும்பும் கெடும், மூட்டு இறுகும். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் ஆவியாகி இன்னும் செறிவாகும். குழாயில் வரும் ஒகேனக்கல் நீரையோ ஆர்ஓ நீரையோ குடியுங்கள். உங்கள் ஊர்க் கிணற்று நீரை ஒருமுறை குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள்.

பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ‘கட்டிங்னா லைட் வெயிட், நிறைய ரெப்’ என்பது தவறு. எந்த எடை தசையை வளர்த்ததோ அதே எடையைத் தூக்கிக்கொண்டே இருந்தால்தான் தசை நிற்கும். வாரத்துக்கு ஒவ்வொரு தசைக்கும் 10 முதல் 15 செட். கார்டியோவுக்கு 8,000 முதல் 10,000 அடி நடை போதும், ஏப்ரல் மே மாதங்களில் வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். போஸிங்கைத்தான் எல்லாரும் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறார்கள். எட்டு வாரம் முன்பே தினமும் 20 நிமிடம் ஒதுக்குங்கள். முன் டபுள் பைசெப்ஸ், முன் லாட் ஸ்ப்ரெட், சைடு செஸ்ட், பின் டபுள் பைசெப்ஸ், பின் லாட் ஸ்ப்ரெட், சைடு ட்ரைசெப்ஸ், வயிறு-தொடை என்று ஏழு போஸ். ஒவ்வொன்றையும் 15 விநாடி, சிரித்த முகத்தோடு, மூச்சு அடைக்காமல் பிடிக்க வேண்டும். காலிலிருந்து தொடங்கி மேல்நோக்கித் தசையை இறுக்குங்கள். கையை முதலில் மடக்குகிறவர் தொடையை மறந்துவிடுவார், நடுவர் மறக்க மாட்டார்.

கடைசி வாரத்தில் தண்ணீரை நிறுத்துவது, உப்பை அறவே விடுவது, நீர் பிரியும் மாத்திரை போடுவது: இந்த மூன்றும் ஆளையே சாய்த்துவிடும். தசையில் முக்கால் பங்கு நீர்தான். நீரை வெட்டினால் தசை சப்பென்று ஆகும், மேடையில் தசை புடைக்கும் ‘பம்ப்’ வராது. ஃப்யூரோசமைடு போன்ற நீர் மாத்திரை பொட்டாசியத்தைக் குலைத்து இதயத்தை நிறுத்தக்கூடியது, எக்காலத்திலும் தடை செய்யப்பட்டதும்கூட. நீரும் உப்பும் வழக்கம்போல இருக்கட்டும். கடைசி இரண்டு நாள் மாவுச்சத்தை ஒரு கிலோ எடைக்கு 6 கிராம் அளவுக்கு உயர்த்துங்கள், 65 கிலோவுக்கு 390 கிராம். அந்த இரண்டு நாளும் களிக்குப் பதில் வெள்ளைச் சோறு. நார் குறைந்தால் வயிறு உப்பாது. போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே ஒருமுறை இதைச் செய்து பாருங்கள்.

இனி இரண்டாம் தாள். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 முதல் புதிதாக அமலுக்கு வருகிறது. இந்தியாவில் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான நாடா இதைப் பார்த்துக்கொள்கிறது, 2022-ல் தனிச் சட்டமும் வந்துவிட்டது. அடிப்படை விதி ஒன்றுதான்: உங்கள் உடம்பில் இருந்தால் பொறுப்பு உங்களுடையது. “மாஸ்டர் கொடுத்தார்”, “மெடிக்கலில் கொடுத்தார்கள்” என்பதெல்லாம் தண்டனைக் குறைப்புக்கு வாதாட உதவலாம், தப்பு இல்லை என்று ஆகாது. வேண்டுமென்றே ஸ்டீராய்டு எடுத்ததற்கு முதல்முறையே நான்கு ஆண்டுத் தடை.

தெரியாமல் மாட்டிவிடும் மருந்துகள் இவை. சளி இருமலுக்குச் சாதாரணமாக வாங்கும் பல சிரப்களில் டெர்பியூட்டலின் அல்லது லெவோசல்பியூட்டமால் இருக்கும். டெர்பியூட்டலினும், வாய்வழி எடுக்கும் சல்பியூட்டமால் வகையும் எப்போதுமே தடை. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சல்பியூட்டமால் மட்டும் 24 மணி நேரத்தில் 1600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்திலும் 600-க்கு மேல் போகாமல் எடுக்கலாம். ரத்த அழுத்த மாத்திரையில் ஹைட்ரோகுளோரோதையசைடு சேர்ந்திருந்தால் அது நீர் மாத்திரை வகை. பெண்களுக்குச் சினைப்பை நீர்க்கட்டிக்காக எழுதித் தரும் ஸ்பைரோனோலாக்டோனும் அப்படியே. குழந்தைப்பேறு சிகிச்சையில் வரும் லெட்ரோசோல், குளோமிஃபீன், சர்க்கரை நோயாளியின் இன்சுலின் எல்லாம் பட்டியலில் உண்டு. உண்மையான நோய்க்கு எடுப்பவர் மருத்துவ ஆவணங்களோடு சிகிச்சைப் பயன்பாட்டு விலக்கு கேட்கலாம், போட்டிக்கு ஒரு மாதம் முன்பாவது. விலக்கு கேட்பதை நினைத்து மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கோயில் விசேஷத்துக்காக மாதவிடாயைத் தள்ளிப்போடும் நோரெதிஸ்டிரோன் தடை இல்லை. ஆனால் நான்ட்ரோலோனின் எச்சமாக வரும் அதே பொருள் சிறுநீரில் கொஞ்சம் வரக்கூடும், அதனால் சோதனையின்போது தரும் படிவத்தில் கட்டாயம் எழுதுங்கள். போட்டிக்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்து கசகசா அரைத்த குருமாவையும் விட்டுவிடுங்கள், மார்ஃபின் அளவு ஏற வாய்ப்பிருக்கிறது. மருந்துப் பெயரைப் போட்டுப் பார்க்க நாடாவின் ‘நோ யுவர் மெடிசின்’ செயலி இருக்கிறது.

ஜிம்களில் ‘எனர்ஜி ஊசி’ என்று சுற்றும் மெஃபென்டெர்மின், அறுவை சிகிச்சையின்போது இறங்கும் ரத்த அழுத்தத்தை ஏற்றப் பயன்படும் மருத்துவமனை மருந்து. நரம்பில் ஏற்றினால் இதயம் தறிகெட்டு ஓடும். போட்டியன்று உடம்பில் இருந்தால் ஊக்கமருந்துக் குற்றம், அதற்கு முன் உயிராபத்து. உங்கள் பக்கத்தில் யாராவது போட்டால் தயங்காமல் தடுங்கள். ‘உடம்பு ஏற’ என்று பெயரில்லாமல் விற்கும் பவுடர், லேகியங்களில் டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலப்பது நடக்கிறது. பத்து நாளில் கன்னம் உப்பினால் அது தசை இல்லை, வீக்கம்.

புரதப் பவுடர் டப்பாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க எண் இருப்பது உணவு உரிமத்துக்குச் சான்று, ஊக்கமருந்து இல்லை என்பதற்குச் சான்று அல்ல. ‘இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட்’ போல ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியையும் (பேட்ச்) சோதித்துச் சான்று தரும் முத்திரை இருந்தால் ஆபத்து குறைவு. கிரியேட்டின் தினம் 3 முதல் 5 கிராம் எடுக்கலாம், காபியும் தடை இல்லை. ‘ஃபேட் பர்னர்’, ‘டெஸ்டோ பூஸ்டர்’ பக்கமே போகாதீர்கள், மறைத்துக் கலப்பது அதிகம் பிடிபடுவது அந்த வகைகளில்தான்.

சோதனை அறைக்கு வருவோம். அழைப்பு வந்ததும் ஆதார் அட்டையோடு போங்கள், உடன்வரும் அலுவலரின் கண்பார்வையை விட்டு விலகக் கூடாது. மறுத்தால் தோற்றதற்குச் சமமான தண்டனை. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெரியவர் ஒருவரை உடன் அழைக்கலாம். கொள்கலனை நீங்களே தேர்ந்தெடுங்கள், உறை பிரிந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் பாலினத்தைச் சேர்ந்த அலுவலர் நேரில் பார்த்துக்கொண்டுதான் இருப்பார், கூச்சப்பட வேண்டாம். மேடையில் வறண்டு வந்தவருக்குச் சிறுநீர் வராது, பதறிப்போய் மூன்று லிட்டர் குடிப்பார், அப்புறம் நீர்த்துப்போய் வரும். அடர்த்தி 1.005-க்குக் கீழே இருந்தால் பொதுவாக மீண்டும் கொடுக்கச் சொல்வார்கள், இரவு பத்து மணியானாலும். மூடி பிரிக்காத பாட்டிலில் அரை லிட்டர் குடித்துவிட்டுப் பொறுமையாக உட்காருங்கள். மாதிரியை ஏ, பி என்ற இரண்டு புட்டிகளில் நீங்களே ஊற்றி மூடி, எண்கள் படிவத்தோடு பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள். கடந்த ஏழு நாளில் எடுத்த மருந்து, பவுடர், மாத்திரை எல்லாவற்றையும் எழுதுங்கள். நடைமுறையில் குறை கண்டால் அதையும் அதே படிவத்தில் எழுதிவிட்டுத்தான் கையெழுத்து. உங்கள் நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பவுடர் டப்பாவில் மீதி இருப்பதையும் கடை ரசீதையும் முடிவு வரும்வரை தூக்கிப் போடாதீர்கள். ஏ மாதிரியில் ஏதாவது வந்தால் பி மாதிரியைத் திறந்து சோதிக்கக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, அந்த நேரத்தில் தொகுதி எண்ணுள்ள டப்பாதான் உங்கள் சாட்சி.