தோண்டாமல் விட்ட மண்ணுக்குப் பில் இல்லை

முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்து ஊருணியைக் கெடுத்தவன் நான். இருபத்திரண்டு வருடப் பணியில் எத்தனையோ கண்மாய்களுக்கு மடை மாற்றியிருக்கிறேன், உபரிநீர் வழியும் கலுங்கு கட்டியிருக்கிறேன், நீர் வந்துசேரும் வரத்துக்கால் வெட்டியிருக்கிறேன். அவற்றைப் பற்றி யாராவது கேட்டால் கோப்பைப் பார்த்துத்தான் சொல்லமுடியும். இந்த ஊருணிக்கு மட்டும் கோப்பு தேவைப்படுவதில்லை.

ராமநாதபுரத்தில் நிலத்தடியில் தண்ணீர் உண்டு. பல ஊர்களில் கொஞ்சம் தோண்டினாலே வந்துவிடும். ஆனால் வாயில் வைக்கமுடியாது, கரிக்கும். அதனால் அந்தப் பக்கத்து முன்னோர் பூமிக்குள் தேடுவதை விட்டுவிட்டு, ஐப்பசி, கார்த்திகையில் வானத்திலிருந்து விழுவதைத் தரையிலேயே பிடித்து வைத்தார்கள். வயலுக்குக் கண்மாய், வாய்க்கு ஊருணி. ஆர்.எஸ். மங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' என்பார்கள். ஒரே மூச்சில் நாரையால் கடக்கமுடியாத அகலமாம். வெளியூரிலிருந்து வரும் பொறியாளர்கள் அதன் கரையில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். ஊருணியை யாரும் படம் எடுப்பதில்லை. பார்க்க ஒரு சதுரப் பள்ளம், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் பார்த்தேன்.

அந்த ஊருணி ஏறக்குறைய ஓர் ஏக்கர். மூன்று பக்கம் மண்கரை, ஒரு பக்கம் செம்புறாங்கல் படித்துறை. குளிக்க, துவைக்க, மாட்டை இறக்க அனுமதி இல்லை. ஊருக்குள் செருப்பில்லாமல் நடக்காத இளைஞர்கள்கூட அந்தப் படியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்குவார்கள். முதல் மழைத் தண்ணீர் ஊர் அழுக்கையெல்லாம் அடித்துக்கொண்டு வரும் என்பதால், வரத்துக்காலின் வாயை மண்ணால் அடைத்து வைத்திருந்து, இரண்டு மூன்று மழை கழிந்த பிறகே திறப்பார்கள். நீர் கலங்கலாகத்தான் இருக்கும். பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரைத்துவிட்டு ஊற்றிவைத்தால் காலையில் தெளிந்திருக்கும்.

தூர்வாரும் பணி என்னிடம் வந்தது. நான் போட்ட கணக்கில் பிழை இல்லை என்று இன்றும் சொல்வேன். பரப்பை அகலப்படுத்தினால் வெயில் குடித்துவிடும்; ஆழப்படுத்தினால் அதே பரப்பில் கூடுதல் நீர் நிற்கும், ஆவியாவது அதிகமாகாது. எனவே இரண்டு மீட்டர் ஆழம் கூட்டுவதாக மதிப்பீடு தயாரித்தேன். ஒப்பந்ததாரருக்கும் மகிழ்ச்சி. மண்வேலைக்குக் கன மீட்டர் கணக்கில்தான் பணம்; தோண்டாமல் விட்ட மண்ணுக்கு எந்த அலுவலகத்திலும் பில் போடமுடியாது. இந்த ஒரு விதியே எத்தனை நீர்நிலைகளின் அடியைக் கிழித்திருக்கிறது என்று பின்னாளில் யோசித்திருக்கிறேன்.

சித்திரையில் பொக்லைன் இறங்கியது. மூன்றாம் நாள் ஊரின் நீர்பாய்ச்சி வந்து நின்றார். எழுபது வயதிருக்கும். கண்மாயில் எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்பதெல்லாம் அவர் பொறுப்பு. கையில் கடப்பாறை வைத்திருந்தார். பள்ளத்தில் இறங்கி நாலைந்து இடத்தில் குத்திப் பார்த்துவிட்டு மேலே வந்தார்.

"தம்பி, சத்தம் மாறுகிறது. இதோடு நிறுத்தச் சொல்லுங்கள்."

"ஐயா, இன்னும் ஒரு மீட்டர் இருக்கிறதே" என்றேன். வரைபடத்தை விரித்துக்கூடக் காட்டினேன். அவர் வரைபடத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். பிறகு போய்விட்டார். அன்று மாலைக்குள் பொக்லைனின் வாளியில் கறுப்புக் களிமண் வருவது நின்று, வெளுத்த மணல் வர ஆரம்பித்தது. மணல் வந்தால் விற்கலாமே என்று ஒப்பந்ததாரரின் ஆள் சிரித்தது நினைவிருக்கிறது.

கார்த்திகையில் ஊருணி நிரம்பியது. முன்னெப்போதும் இவ்வளவு நீர் நின்றதில்லை என்று ஊரே சொன்னது. நான் போய்ப் பார்த்துப் பூரித்துவிட்டு வந்தேன். வழக்கமாக ஆனி வரை தாங்கும் ஊருணி அது. தை மாதம் முடிவதற்குள் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. மாசியில் மிச்சமிருந்த நீர் கரிக்க ஆரம்பித்தது.

நடந்தது இதுதான். மேலே இருந்த களித்தட்டுதான் அந்த ஊருணியின் பாத்திரம். அதற்குக் கீழே மணல், மணலில் உவர்நீர். களியை நாங்கள் உடைத்ததும் நல்ல நீர் மணலில் இறங்கிப்போனது. மேலே நீர்மட்டம் குறைந்து அழுத்தம் தணிந்தபோது, கீழிருந்த உப்பு மேலே வந்துவிட்டது. கரையையும் படித்துறையையும் கட்டுமானம் என்று அளந்து குறித்திருந்தேன். உண்மையான கட்டுமானம் கீழே கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த இரண்டடிக் களி. மண் துளைத்துப் பார்க்கும் ஆகரைக் கொண்டு நாலு குழி போட்டிருந்தால் ஒரே காலையில் தெரிந்திருக்கும். சிறு பணிக்கு எதற்கு என்று விட்டிருந்தேன்.

சில வருடங்கள் கழித்து ஒரு பயிற்சிக்காக ஜெய்சல்மர் போனேன். எல்லாரும் படிக்கிணறுகளை வியந்துகொண்டிருந்தபோது என்னை நிறுத்தியது குயின் என்ற ஒரு குறுகிய கிணறு. ஓர் ஆள் குந்தி உட்கார்ந்து தோண்டும் அகலம்தான். அங்கே மணலுக்கு அடியில் சில இடங்களில் ஜிப்சம் தட்டு ஒன்று ஓடுகிறது. மழைநீர் மணலில் இறங்கி அந்தத் தட்டின் மேல் ஈரமாகத் தங்கும். தட்டுக்குக் கீழே உப்புநீர். அந்த ஊர்க்காரர்கள் நீரையே மூன்றாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்: மேலே ஓடும் மழைநீர் பாலர் பானி, தட்டின் மேல் நிற்பது ரெஜானி பானி, அடியில் இருப்பது பாதாள் பானி. தோண்டுகிறவர் ரெஜானியோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். தட்டை உடைத்தால் கிணறு போயிற்று. வழிகாட்டி இதை இந்தியில் விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்குக் காதில் விழுந்தது கடப்பாறைச் சத்தம்தான்.

ஊருணியைச் சரிசெய்ய நிதி கேட்டு எழுதினேன். ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் எப்படித் தருவது என்று திருப்பி அனுப்பினார்கள், நியாயமான கேள்வி. கடைசியில் ஊர்க்கூட்டம் போட்டு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி வைத்தார்கள். நான் என் பங்கைக் கொடுத்தேன். கண்மாயின் உள்வாயிலிருந்து களி வெட்டி டிராக்டரில் கொண்டுவந்து, அரையடி அரையடியாகப் பரப்பி, நீர் தெளித்து இறுக்கவேண்டும். களியை இறுக்க முள் உருளை ஒன்று இருக்கிறது, ஆங்கிலத்தில் அதற்கு ஆட்டுக்கால் உருளை என்றே பெயர். வாடகைக்குக் கிடைக்குமா என்று நான் தொலைபேசியில் விசாரித்துக்கொண்டிருந்தேன். நீர்பாய்ச்சி இருநூறு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். வயலில் ஆட்டுக்கிடை போட வந்த கீதாரியிடம், அதாவது மந்தைக்காரரிடம், பேசி, பத்து நாள் ஊருணிக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக நடக்கவிட்டார். பிறகு புழுக்கையை ஒன்றுவிடாமல் பெருக்கி அள்ளவைத்தார்.

அடுத்த வருடம் பங்குனி வரை நீர் நின்றது. நான் போனபோது பெரியவர் ஒரு செம்பில் மொண்டு வந்து நீட்டினார். குடித்தேன்.

"கரிக்கிறதா, தம்பி?"

"கொஞ்சம்."

அவரும் ஒரு மடக்குக் குடித்து, வாயில் சற்று வைத்திருந்துவிட்டு விழுங்கினார். "ஆமாம். கீதாரியை இந்த வருடமும் வரச்சொல்லவேண்டும்" என்றார்.