விளக்கு எரியுது, ஆனா ஸ்டிக் வேலை செய்யலை

ட்ரோனில் ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரில் விளக்கு சிமிட்டாமல் எரிகிறது. ட்ரோனை அமைக்கும் மென்பொருளான பீட்டாஃப்ளைட்டில் ரிசீவர் பக்கத்தைத் திறந்து ஸ்டிக்கை அசைத்தால் ஒரு கோடுகூட அசையவில்லை. நண்பர் இந்த நிலையில் ட்ரோனைக் கொண்டுவந்தார். அதற்குள் பலமுறை பைண்ட் செய்து, அதாவது ரிமோட்டையும் ரிசீவரையும் ஜோடி சேர்த்து, பார்த்துவிட்டார். எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற ரேடியோ முறையின் ரிசீவரில் விளக்கு நிலையாக எரிந்தால் ரிமோட்டோடு இணைந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு எதற்கு பைண்ட்? ரிமோட்டிலிருந்து ரிசீவர் வரை காற்றில் வரும் பாதி சரியாக இருக்கிறது, கோளாறு ரிசீவரிலிருந்து ஃபிளைட் கண்ட்ரோலர் (ட்ரோனை இயக்கும் போர்டு) வரை கம்பியில் வரும் பாதியில். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகினாலே பாதி அலைச்சல் மிச்சம்.

அவருடைய ட்ரோனில் ரிசீவரின் டிஎக்ஸ் (அனுப்பும் முனை), ஃபிளைட் கண்ட்ரோலரின் டிஎக்ஸுக்கே போயிருந்தது. டிஎக்ஸ் எதிர்முனையின் ஆர்எக்ஸுக்குத்தான் (வாங்கும் முனை) போக வேண்டும். கம்பியை மாற்றிப் பற்றவைத்து, போர்ட்ஸ் பக்கத்தில் அந்தக் கம்பி போகும் யுஆர்ட்டுக்கு (சீரியல் போர்ட்) மட்டும் சீரியல் ஆர்எக்ஸ் போட்டு, புரோட்டோகாலை, அதாவது ரிசீவர் பேசும் மொழியை, சிஆர்எஸ்எஃப் என்று வைத்ததும் கோடுகள் அசைந்தன. இன்னொரு குழப்பமும் வரும்: ஸ்டிக் வேலை செய்யும், ஆனால் பேட்டரி வோல்டேஜ் ரிமோட்டில் வராது. அப்படியென்றால் ஃபிளைட் கண்ட்ரோலரிலிருந்து ரிசீவருக்குத் திரும்பிப் போகும் இன்னொரு கம்பியைப் பாருங்கள்.

விளக்கு மெதுவாகச் சிமிட்டினால் கோளாறு காற்றுப் பாதியில். முதலில் எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் வெர்ஷன். ரிமோட்டில் 3, ரிசீவரில் 2 என்றிருந்தால் என்ன செய்தாலும் சேராது. அடுத்தது பைண்டிங் ஃப்ரேஸ், இரண்டையும் ஜோடி சேர்க்கும் ரகசியச் சொல். இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று முறை சிமிட்டி நிறுத்தி, மறுபடி மூன்று என்றால் இணைந்திருக்கிறது, மாடல் மேட்ச் எண்தான் (ரிமோட்டில் தேர்ந்த மாடலுக்கு உரிய ரிசீவர்தானா என்று பார்க்கும் எண்) பொருந்தவில்லை. ஆண்டெனா மாட்டாமல் டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்யாதீர்கள், எரிந்துபோகலாம்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஆண்டெனா. அதே ட்ரோன் நேராகப் போகும்போது எல்கியூ (லிங்க் குவாலிட்டி, சரியாக வந்து சேரும் பாக்கெட்டுகளின் சதவீதம்) 100லேயே நிற்கும், திரும்பி வரும்போது சரியும். கழற்றிப் பார்த்தால், ஆண்டெனாவின் நுனி கார்பன் கையோடு ஒட்டி, கேபிள் டையில் இறுகிக் கிடந்தது. 2.4 ஜிகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் சுமார் 31 மில்லிமீட்டர். மேலுறை உரிக்கப்பட்டு மெலிதாகத் தெரியும் அந்த நுனிதான் சிக்னலைப் பிடிக்கிறது. மிச்சமெல்லாம் வெறும் கேபிள். கார்பன் ஃபைபரோ மின்சாரத்தைக் கடத்தும் பொருள், சிக்னலை மறைத்துவிடும். நுனியை ஒரு பிளாஸ்டிக் குழாயில் செருகி, பின்பக்கம் வெளியே நீட்டிவைத்தோம். சரிவு நின்றுவிட்டது.

எல்கியூவும் ஆர்எஸ்எஸ்ஐயும் (வரும் சிக்னலின் வலு) சேர்ந்து இறங்கினால் ஆண்டெனா அல்லது தூரம். ஆர்எஸ்எஸ்ஐ நன்றாக இருந்து எல்கியூ மட்டும் விழுந்தால் பக்கத்தில் ஏதோ இரைச்சல், பெரும்பாலும் ட்ரோனில் இருக்கும் வேறொரு கருவியே. தூரம் போகிறவர்கள் பாக்கெட் ரேட்டையும் (நொடிக்கு எத்தனை பாக்கெட் என்பதை) குறைக்கலாம். டிபிஎம் என்பது சிக்னல் வலுவின் அளவு, மைனஸ் எண் பெரிதாக ஆக சிக்னல் மெலிது: 500 ஹெர்ட்ஸில் மைனஸ் 105 டிபிஎம் வரைதான் பிடிக்கும், 50 ஹெர்ட்ஸில் மைனஸ் 115 வரை.

பறக்கவிடும் முன் ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் போனால் ட்ரோன் தானே நிற்கும் ஏற்பாட்டைச் சோதியுங்கள். ப்ரொப்பெல்லர்களைக் கழற்றிவிட்டு ஆர்ம் செய்து (மோட்டார்களைச் சுழலவிட்டு), ரிமோட்டை அணையுங்கள். மோட்டார்கள் ஓரிரு நொடியில் தாமாக நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் அன்றைக்கு அந்த ட்ரோன் பறக்கக் கூடாது.