ஓனோஸ் திட்டப்பணி: எண்ணிக்கையை எங்கே வைப்பது?

நேற்று மாலை என் ஓனோஸ் திட்டப்பணியின் முடிவு வந்தது. ஓனோஸ் என்பது நெட்வொர்க்கின் ஸ்விட்சுகளை மென்பொருளால் இயக்கும் கன்ட்ரோலர். தேறிவிட்டேன், இரண்டாம் முறையில். காரைக்குடி வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அடுத்து ஓனோஸில் திட்டப்பணி எடுப்பவர்கள் என்னைப் போல ஓர் அரையாண்டை இழக்க வேண்டாம்.

என் செயலி சிறியது. ஒரு சர்வருக்கு 10 பிங்குக்கு ("இருக்கிறாயா?" என்று கேட்கும் சிறு செய்தி) மேல் வந்தால் தடுக்க வேண்டும். எண்ணிக்கையைச் சாதாரண ஹேஷ்மேப்பில், அதாவது அந்தக் கன்ட்ரோலரின் நினைவகத்தில் மட்டும் இருக்கும் பட்டியலில், வைத்தேன். மடிக்கணினிக்குள்ளேயே நெட்வொர்க்கைப் போலச்செய்யும் மினிநெட்டில், ஒற்றைக் கன்ட்ரோலரில், ஒருநாளும் பிசகியதில்லை. "ஒன்றில் ஓடினால் மூன்றிலும் ஓடும்" என்றார் வழிகாட்டி. அந்தச் சொல்லை நம்பியதற்காக இன்னும் மனம் ஆறவில்லை.

தேர்வாளர் 3 கன்ட்ரோலர்களை வைத்துச் சோதித்தார். பாக்கெட்-இன், அதாவது ஸ்விட்ச் மேலே அனுப்பும் பாக்கெட், அந்தந்த ஸ்விட்சுக்குப் பொறுப்பான மாஸ்டர் கன்ட்ரோலருக்குத்தானே போகும்? ஒன்று 7 எண்ணியது, மற்றது 8, இன்னொன்று 6. எதுவும் பத்தைத் தொடவில்லை. 21 பிங்கும் உள்ளே போயின. பிறகு ஒரு கன்ட்ரோலரை நிறுத்தினார். அது எண்ணிய ஏழும் அதோடு போயிற்று.

ஐயாவின் வட்டிக்கடையைப் பற்றி அப்பத்தா சொல்வார்கள்: சிட்டை ஆளுக்கொன்று இருக்கலாம், பேரேடு ஒன்றுதான். எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பேரேடு. எல்லாக் கன்ட்ரோலர்களுக்கும் பொதுவான தரவை வைக்கும் ஓனோஸின் ஸ்டோரேஜ் சர்வீஸ் தருவது அதைத்தான். மற்ற எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

- எண்ணுவதற்கு அட்டாமிக் கவுன்ட்டர் மேப்; கூட்டுவதை இடையில் யாரும் புகாமல் ஒரே படியில் செய்யும். கன்சிஸ்டென்ட் மேப்பில் (எல்லாக் கன்ட்ரோலரும் ஒரே மதிப்பைப் பார்க்கும் மேப்) 'கெட்' செய்து, கூட்டி, 'புட்' செய்யாதீர்கள். இடையில் இன்னொரு கன்ட்ரோலர் எழுதிவிடும். படித்து, மாற்றி, எழுதுவதை ஒன்றாகச் செய்ய 'கம்ப்யூட்' இருக்கிறது.
- ஈவென்சுவலி கன்சிஸ்டென்ட் மேப் வேகமானது, ஆனால் மாற்றம் மற்ற கன்ட்ரோலர்களுக்குச் சற்றுத் தாமதமாகவே போகும்; வரம்பு எண்ணும் வேலைக்கு ஆகாது.
- சொந்த கிளாஸ்களைக் கிரையோவில் (தரவை அனுப்ப பைட்டுகளாக மாற்றும் கருவி) பதிவு செய்யுங்கள். இதற்கே எனக்கு இரண்டு இரவுகள் போயின.
- செயலி நிற்கும்போது ஓடும் டீஆக்டிவேட்டில், பாக்கெட்டுகளைப் பெறும் உங்கள் பாக்கெட் பிராசஸரை நீக்குங்கள்.
- ஓனோஸ் 1.14 முதல், இந்தப் பொதுத் தரவை வைக்கும் அட்டாமிக்ஸ் தனிக் கணுக்களில் ஓடுகிறது. ராஃப்ட் (கணுக்கள் ஒருமித்து முடிவெடுக்கும் முறை) கேட்கும் பெரும்பான்மை அந்தக் கணுக்களைப் பொறுத்தது: மூன்றில் ஒன்று போகலாம், இரண்டு போனால் எழுத முடியாது. வாய்மொழித் தேர்வில் இதைத்தான் துருவிக் கேட்டார்கள்.
- நிறுத்திய கன்ட்ரோலர் மீண்டதும், ஸ்விட்சுகளைக் கன்ட்ரோலர்களுக்குச் சமமாகப் பிரித்துத் தர 'பேலன்ஸ்-மாஸ்டர்ஸ்' கட்டளை கொடுங்கள்.

முதல் நாளிலிருந்தே மூன்றில் ஓட்டுங்கள். மடிக்கணினி திணறினால் மினிநெட்டில் ஸ்விட்சுகளைக் குறையுங்கள், கன்ட்ரோலரைக் குறைக்காதீர்கள்.

இரண்டாம் முறை தேர்வாளர் கேட்கும் முன்பே, 6 பிங் போனதும் நானே ஒரு கன்ட்ரோலரை நிறுத்தினேன். ஏழாவது பிங்கை வேறொன்று எண்ணியது. பதினோராவது பிங் உள்ளே போகவில்லை.