ஃபீலர் கேஜ் 0.4 காட்டியது, கேம் ஷாஃப்ட் போயிருந்தது

பர்மாவில் பெகுவிலிருந்து ரங்கூனுக்கு உளுந்து மூட்டை ஏற்றிப் போகும் என் இசுசு எல்ஃப் லாரி, சரியாக அறுவடை நேரத்தில் பாரம் இழுக்காமல் படுத்துக்கொண்டது. 4ஜேபி1 டீசல் இன்ஜின். கறுப்புப் புகை, ஏர் ஃபில்டர் பக்கம் 'பொப் பொப்' என்று சத்தம்.

மூன்று வாரம் வீணானது இன்னும் எனக்கு ஆறவில்லை. பட்டறையில் இன்ஜெக்டர் என்றார்கள், மாற்றினேன். பம்பு என்றார்கள், அதையும் கழற்றிப் பார்த்தாயிற்று. வால்வைப் பாருங்கள் என்று கேட்டதற்கு, வால்வு முனைக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டுப் பார்த்து, "எல்லாம் 0.4 மில்லிமீட்டர் இருக்கு, குறை ஒண்ணுமில்ல" என்று மேலே உள்ள ராக்கர் கவரை மூடிவிட்டார்கள். ஏமாந்தது இங்கேதான். வால்வுகளைத் திறக்க வைப்பது கேம் ஷாஃப்ட் என்ற தண்டு. அதில் வால்வுக்கு ஒன்றாக முட்டை வடிவ மேடு இருக்கும், அதுதான் லோப். லோப்பின் நீண்ட முனையான மூக்கு, டாப்பெட் என்ற சிறு உருளையைத் தள்ளித்தான் வால்வு திறக்கிறது. அந்த இடைவெளியைப் பார்ப்பதோ, டாப்பெட் லோப்பின் வட்டமான பக்கத்தில் நிற்கும்போது. தேய்வது மூக்கு. மூக்கு கரைந்தாலும் கேஜ் 0.4 என்றுதான் சொல்லும். டாப்பெட்டின் அடியும் சேர்ந்து தேய்ந்தால்தான் இடைவெளி கூடும். மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வை (புகையை வெளியே விடுவது) மட்டும் நான் மாதாமாதம் சரிசெய்துகொண்டிருந்தேன். அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கடைசியில் எங்கள் தெரு மெக்கானிக் மாமாதான் பிடித்தார். வால்வு ஸ்பிரிங் தட்டில், நகர்வை முள்ளில் காட்டும் டயல் கேஜை வைத்து, இன்ஜினைக் கையால் சுற்றினார். மற்ற எக்ஸாஸ்ட் வால்வுகளைவிட மூன்றாவது 3 மில்லிமீட்டர் குறைவாக இறங்கியது. எரிந்த புகை வெளியே போக முடியாமல், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு திறந்ததும் ஏர் ஃபில்டர் பக்கம் திரும்பியிருக்கிறது. ஷாஃப்டை உருவி மைக்ரோமீட்டரில் பார்த்தால் மற்ற லோப்கள் 42 மில்லிமீட்டரை ஒட்டி, இது 40. டாப்பெட்டின் அடி குழிந்திருந்தது.

வெல்டிங் வைத்துச் சாணை பிடிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றார் மாமா, சூட்டில் மேல்பரப்பின் கடினம் போய்விடும். பழைய வண்டியில் கழற்றிய ஷாஃப்ட் என்றால், அதன் எட்டு டாப்பெட்டும் வரிசை மாறாமல் கூடவே வர வேண்டும். அப்படிக் கிடைக்கவில்லை. சரி, புதுசு என்று ரங்கூன் போனேன். "4ஜேபி1" என்று வாயால் மட்டும் சொன்னது என் தப்பு. அந்த இன்ஜினில் கேம் ஷாஃப்டைச் சுற்றுவது டைமிங் பெல்ட் என்ற வகையும் உண்டு, கியர் என்ற வகையும் உண்டு. கடைக்காரர் எதுவும் கேட்காமல் பெல்ட் வகையைக் கட்டிக் கொடுத்தார். வீட்டில் பிரித்தால் முன்முனை என் கியரோடு சேரவில்லை. உறை கிழிந்ததால் திரும்ப வாங்கவும் மாட்டேன் என்றுவிட்டார். இரண்டாம் முறை பழைய ஷாஃப்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டே போனேன். கவுண்டரிலேயே இரண்டையும் பக்கத்தில் வைத்து நீளம், ஜர்னல் (ஷாஃப்ட் பேரிங்கில் உட்கார்ந்து சுழலும் பகுதி), லோப் நிற்கும் இடம், முன்முனை எல்லாம் பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன்.

டாப்பெட் எட்டும் புதுசாகவே போடுங்கள். குழிந்த பழையது புது லோப்பைச் சீக்கிரமே தின்றுவிடும். மாட்டும் முன் ஒவ்வொன்றும் குழியில் விரலால் தாராளமாகச் சுழல்கிறதா பாருங்கள். லோப்களில் அசெம்பிளி பேஸ்ட் (மாட்டும்போது பூசும் கெட்டியான மசகு) தடவி, ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் 2000 ஆர்பிஎம் அளவில் 20 நிமிடம் ஓட்டினோம். பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினோம். டிரம்மிலிருந்து அளந்து விற்கும் ஆயிலை அன்றோடு விட்டேன்.

500 கிலோமீட்டர் ஓடிய பிறகு மாமா மறுபடி கவரைத் திறந்தார். மூன்றாவது எக்ஸாஸ்ட் 0.4. டயல் கேஜிலும் நான்கும் ஒரே அளவு இறங்கின.