பட்டா இல்லாத நிலத்தில் பிள்ளைகள் வரைந்த பள்ளி

டிசைன் திங்கிங், அதாவது பயன்படுத்துகிறவர்களின் சிக்கலைப் புரிந்துகொண்டு தீர்வை வடிவமைக்கும் முறை, அதன் பயிற்சிக்குப் போனவர்களுக்கு அந்த ஐந்து வட்டப் படம் தெரிந்திருக்கும். புரிந்துகொள், வரையறு, யோசி, மாதிரி செய், சோதி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பள்ளியான டி.ஸ்கூல் வழியாக உலகமெல்லாம் பரவிய வரிசை. நல்ல படம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வளாகத்தையே திட்டமிடலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு அதில் இரண்டு வட்டம் குறைகிறது. ஒன்று பட்டா, இன்னொன்று மதிப்பீடு, அதாவது பொறியாளர் போடும் கட்டுமானச் செலவுக் கணக்கு. அந்த இரண்டிலும் பட்ட பாட்டைத்தான் எழுதப்போகிறேன், மற்றதையெல்லாம் பிள்ளைகளே பார்த்துக்கொண்டார்கள்.

பயிற்சி தர ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து வந்தார்கள். பெயர் வேண்டாம். கலர் கலராக ஒட்டும் காகிதம் கொடுத்து எழுதச் சொன்னார்கள், மின்விசிறியைப் போட்டதும் பாதி யோசனைகள் பறந்து ஜன்னலுக்கு வெளியே போய்விட்டன. போட்டோ எடுத்தார்கள், பிள்ளைகள் கையில் அட்டையைக் கொடுத்து இன்னொரு போட்டோ எடுத்தார்கள், அடுத்த வாரம் வருகிறோம் என்றார்கள். அப்புறம் போனை எடுக்கவே இல்லை. சரி என்று நாங்களே தொடங்கினோம். ஒட்டும் காகிதத்துக்குப் பதிலாக தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கம். காசும் இல்லை, ஊரில் எந்த வீட்டில் கேட்டாலும் ஒரு கட்டு கிடைக்கும். ஐந்து வட்டம் பிள்ளைகளுக்குக் குழப்பமாக இருந்ததால், அகமதாபாத் ரிவர்சைடு பள்ளியைத் தொடங்கிய கிரண் பிர் சேத்தி 2009இல் ஆரம்பித்த 'டிசைன் ஃபார் சேஞ்ச்' முறையின் நான்கு படிகளை எடுத்துக்கொண்டோம்: உணர், கற்பனை செய், செய்து பார், பகிர். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது போதும்.

முதல் படியில் ஒரு எச்சரிக்கை. "பள்ளியில் என்ன பிரச்சினை?" என்று வகுப்பில் எழுந்து நின்று சொல்லச் சொன்னால் ஊஞ்சல் வேண்டும், புதுப் பந்து வேண்டும் என்றுதான் வரும். பெயர் எழுதாமல் தாளை மடித்துப் பெட்டியில் போடச் சொன்ன பிறகுதான் உண்மை வந்தது. மாணவிகளின் தாள்களை எங்கள் டீச்சர் ஒருவர் மட்டும் பிரித்துப் படித்தார். அதில் பல தாள்களில் ஒரே விஷயம்: கழிப்பறைக் கதவு பையன்கள் விளையாடும் இடத்தைப் பார்த்தபடி இருக்கிறது, அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. தனிக் கழிப்பறை வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது, எங்களிடம் தனியாகவே இருக்கிறது, ஆய்வுக்கு வருகிறவர் பதிவேட்டில் டிக் போட்டுவிட்டுப் போவார். கதவு எந்தப் பக்கம் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

பெரியவர்களையும் பேட்டி எடுக்கச் சொன்னோம். தூய்மைப் பணியாளர் அக்காவிடம் போன குழுதான் உருப்படியான தகவலோடு வந்தது. கழிப்பறைக்குள் குழாய் இல்லாததால் மோட்டார் ரூமிலிருந்து அவர் வாளியில் சுமக்கிறார். சமையலர் அக்கா இன்னொன்று சொன்னார். காலை உணவுத் திட்டத்தை 2023 ஆகஸ்ட் 25இல் எங்கள் பக்கத்துத் திருக்குவளையிலிருந்துதான் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிவுபடுத்தினார்கள். சமையல் கூடமும் தட்டு கழுவும் இடமும் கட்டியதோ மதிய உணவை மட்டும் மனதில் வைத்து. இப்போது காலையிலும் சின்னப் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்க, கழுவிய தண்ணீர் அப்படியே வாசலில் தேங்கி, முதல் மணி அடிக்கும்போது எல்லாரும் அந்தச் சேற்றை மிதித்துத்தான் வகுப்புக்குப் போகிறார்கள். நானும் தினமும் மிதித்துக்கொண்டு போனவன்தான், அது ஒரு பிரச்சினை என்று யாரும் சொன்னதில்லை.

யோசனைகள் வந்தபோது நிறைய சிரிப்பு. மொட்டை மாடியில் நீச்சல் குளம் கேட்டவனும் உண்டு. ஆனால் ஒரு யோசனையில் எல்லாரும் ஒன்று சேர்ந்தார்கள்: வேப்ப மரத்தை ஒட்டிக் கீற்றுக் கொட்டகை, அதன் கீழே நூலகம். தலைமையாசிரியர் பார்த்த உடனே முகம் மாறிவிட்டது. 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளித் தீ விபத்து. சமையல் கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குப் பரவியது. 94 குழந்தைகள் இறந்தார்கள். இந்தப் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது, நம் டெல்டா பக்கமே நடந்தும் யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. சொன்னோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை, பிறகு ஒரு ஏழாம் வகுப்புப் பெண், "அப்படின்னா நம்ம சமையல் கூடத்துக்கும் மூணாம் வகுப்புக்கும் நடுவுல எவ்வளவு தூரம் சார்?" என்றாள். டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அன்றைக்கு அவர்கள் அளந்ததில்தான் பின்பக்கம் வழியே இல்லை என்பதும், இருக்கிற ஒரே கேட்டும் உள்பக்கமாகத் திறக்கிறது என்பதும் திட்டத்துக்குள் வந்தன. கொட்டகை போய், தகரக் கூரை வந்து, அது வெயிலில் கொதிக்கும் என்று அதுவும் போய், கடைசியில் மரத்தைச் சுற்றி வெறும் திண்ணை என்று முடிந்தது.

அட்டையில் அழகாக ஒரு மாதிரி செய்தார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அதைத்தான் போட்டோ எடுத்தார்கள், ஆனால் அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை என்பது என் கருத்து. வேலை செய்தது கோலமாவு. திட்டத்தில் இருக்கிற ஒவ்வொரு சுவரையும், திண்ணையையும், சாய்தளத்தையும் உண்மையான அளவிலேயே தரையில் கோலமாவால் வரைந்துவிட்டு, இடைவேளையில் பள்ளி முழுவதையும் அதன்படி நடக்கவிட்டோம். உடனே தெரிந்துவிட்டது, கை கழுவ நிற்கும் வரிசை சாய்தளத்துக்குக் குறுக்கே போகிறது. சக்கர நாற்காலியில் வரும் எங்கள் மாணவன் ஒருவனே அதைக் கண்டுபிடித்தான், கோபமாக. குழாய் வரிசையை அந்தப் பக்கம் தள்ளினோம். செலவு இரண்டு பாக்கெட் கோலமாவு.

சாய்தளம் பற்றி இன்னும் கொஞ்சம். விதி 1:12, அதாவது ஓர் அடி ஏற பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். எங்கள் தாழ்வாரம் தரையிலிருந்து 45 செ.மீ. உயரம், அப்படியானால் 5.4 மீட்டர். ஏற்கெனவே இருந்த சாய்தளம் அதில் பாதிகூட இல்லை, மழையில் யாராவது தள்ளினால்தான் ஏற முடியும். இந்தக் கணக்கை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் விகிதப் பாடத்திலிருந்து தாங்களே போட்டார்கள்.

இதுவரைக்கும் சந்தோஷம். இனிமேல்தான் அலுவலகம்.

பிள்ளைகளின் வரைபடம், கோரிக்கை மனு, தலைமையாசிரியர் கடிதம் எல்லாம் சேர்த்துக் கொண்டுபோனால் அங்கே இருந்த எழுத்தர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன சார், ஓவியப் போட்டியா?" என்றார். மதிப்பீடு வேண்டும், மதிப்பீட்டைப் பொறியாளர் போட வேண்டும் என்றார். பொறியாளரைப் பிடித்தால் இடம் பள்ளியின் பெயரில் இருக்கிறதா என்றார். இணையத்தில் பட்டாவைப் பார்த்தால், அந்தக் காலத்தில் நிலம் கொடுத்த மிராசுதாரின் பெயர் அப்படியே இருக்கிறது. தானம் கொடுத்தார்கள், பள்ளி கட்டினார்கள், பட்டா மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. மாற்ற வேண்டுமானால் தானப் பத்திரம் வேண்டும், பத்திரம் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நகல் கேட்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனால் எந்த ஆண்டு, யார் எழுதிக் கொடுத்தது என்கிறார்கள். அவ்வளவு பழைய பதிவு கணினியில் வரவில்லை, கையால்தான் தேட வேண்டும், உத்தேச ஆண்டாவது தெரியாமல் மனுவே வாங்க முடியாது. மதிய வெயிலில் பஸ்ஸைப் பிடித்து வெறுங்கையோடு திரும்பும்போது, பேசாமல் ஊஞ்சலே கேட்டிருக்கலாம் என்று தோன்றியது.

மீட்டது பிள்ளைகள். பழைய கட்டடத்தின் முகப்பை அளந்துகொண்டிருந்த குழு, சுவரில் ஓரிடம் மட்டும் புடைத்திருப்பதைப் பார்த்துச் சுரண்டியிருக்கிறது. பல அடுக்குச் சுண்ணாம்புக்குக் கீழே கல்வெட்டு. தானம் கொடுத்தவரின் பெயர், தகப்பனார் பெயர், திறந்து வைத்த ஆண்டு எல்லாம் அதில் இருந்தன. அந்த ஆண்டையும் அதற்கு முந்தைய சில ஆண்டுகளையும் போட்டுத் தேடல் மனு கொடுத்தேன், பத்திரம் கிடைத்துவிட்டது. சான்றிட்ட நகல் கைக்கு வந்த அன்று தலைமையாசிரியர் எல்லாருக்கும் கடலைமிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

உங்கள் பள்ளியில் இப்படி ஏதாவது செய்யப்போகிறீர்கள் என்றால், தாளும் பேனாவும் வாங்குவதற்கு முன்னால் சர்வே எண், பட்டா, நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புல வரைபடம் மூன்றையும் பிரிண்ட் எடுத்துவிடுங்கள். புல வரைபடத்தைப் பிள்ளைகள் கையிலும் கொடுங்கள். எங்கள் பிள்ளைகள் அதை வைத்து அளந்துதான் கிழக்கு வேலி ஓரமாக ஒரு துண்டு இடம் பள்ளியுடையது என்று கண்டுபிடித்தார்கள், அங்கே இப்போது பக்கத்து வீட்டு வைக்கோல் போர் நிற்கிறது. அந்த வழக்குக்குள் நான் இன்னும் போகவில்லை.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதுக் கழிப்பறைக்கு வேப்ப மரம் இடைஞ்சல், வெட்டிவிடலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சிலர் சுலபமாகச் சொன்னார்கள். அரசு நிலத்து மரத்தில் கை வைக்க மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும், அது தனிக் கதை. பிள்ளைகளின் திட்டத்தில் மரம் நிற்கிறது, சுவர்தான் வளைகிறது. வளைந்த சுவருக்குச் செலவு கூடும் என்று பொறியாளர் முதலில் முனகினார். ஆனால் அவர் நேரில் வந்த அன்று கோலமாவுக் கோடு அழியாமல் இருந்தது. அதன்மேல் நடந்து பார்த்துவிட்டு, கழிவுநீர்த் தொட்டிக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் இடைவெளி போதாது என்று அவரே ஒரு பையனின் கையிலிருந்து மாவை வாங்கிக் கோட்டைத் தள்ளிப் போட்டார். அதற்கப்புறம் அவர் எங்கள் ஆள்.

இன்னொன்று, கண்காட்சி வைத்ததோடு விட்டுவிடாதீர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது பள்ளி மேலாண்மைக் குழுவின் வேலை, குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். நாங்கள் திட்டத்தைக் குழுக் கூட்டத்தில் பிள்ளைகளை வைத்தே விளக்கி, தீர்மானம் போட்டு, வளர்ச்சித் திட்டத்தில் ஏற்றினோம். தீர்மான நகலைப் பார்த்த பிறகு அதே எழுத்தர் "உட்காருங்க சார்" என்றார்.

இப்போதைய நிலைமை: கழிப்பறைக் கதவை மறுபக்கம் மாற்றி, முன்னால் மறைப்புச் சுவர் எழுப்பியாகிவிட்டது. பணம் ஊர்க்காரர் ஒருவர் கொடுத்தார், சிங்கப்பூரில் இருக்கிறார். உள்ளே குழாயும் வந்துவிட்டது. கேட் வெளிப்பக்கமாகத் திறக்கிறது. புதுக் கழிப்பறைக் கட்டடமும் பின்வழியும் மதிப்பீட்டில் இருக்கின்றன. பட்டா மாறுதல் மனு வட்டாட்சியர் அலுவலகத்தில் தூங்குகிறது, வாரம் ஒரு தடவை போய்த் தட்டி எழுப்புகிறேன்.

சாய்தளத்தைக் கொத்தனார் இடமில்லை என்று சொல்லி மூன்று மீட்டரோடு முடித்துவிட்டுப் போகப் பார்த்தார். எட்டாம் வகுப்புக் குழு டேப்போடு வந்து நின்றது. "வாத்தியாரே, இதுங்கள உள்ள கூப்பிடுங்க" என்று கத்தினார். நான் கூப்பிடவில்லை. மறுநாள் உடைத்து, ஒரு திருப்பம் வைத்து, 5.4 மீட்டர் வரும்படி கட்டிக் கொடுத்தார்.