உச்சியில் வால்

காகித விமானத்தின் மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டினால் ஒழுங்காகப் போகும். வாலில் மாட்டினால் தலையைத் தூக்கி, தொப்பென்று விழும். எடை மையம் என்ன செய்யும் என்று அதிலேயே பார்த்துவிடலாம்.

ஆனால் எடை மட்டுமா? 1963 அக்டோபர் 22, பிரிட்டன். பிஏசி ஒன்-லெவன் என்ற பயணிகள் ஜெட்டின் முன்மாதிரி விமானம் சோதனைப் பறப்பில் விழுந்து 7 பேரும் இறந்தார்கள். இன்ஜின்கள் பின்பக்கம் இருந்ததால் கிடைமட்ட வாலை செங்குத்து வாலின் உச்சியில் வைத்திருந்தார்கள். பார்க்க அழகுதான். ஸ்டால் (மூக்கு அதிகம் எழும்பி இறக்கை தூக்கும் விசையை இழப்பது) சோதனைக்காக மூக்கு எழும்ப எழும்ப, இறக்கைக்குப் பின்னால் கலைந்த காற்று நேராகப் போய் அந்த வாலை மூடிக்கொண்டது. மூக்கை இறக்க வேண்டிய வாலுக்கே பிடிப்பு இல்லை! விமானம் தலைகுப்புறக்கூட விழவில்லை. கிட்டத்தட்ட படுத்த வாக்கில் அப்படியே இறங்கியது. 'டீப் ஸ்டால்' என்பது இதுதான்.

பிறகு இறக்கையின் முன்விளிம்பை மாற்றினார்கள். ஸ்டால் நெருங்கும்போது கண்ட்ரோலைத் தானே முன்னால் தள்ளும் 'ஸ்டிக் புஷர்' கருவியும் வந்தது. இப்போதெல்லாம் இந்த மாதிரி சோதனைக்குப் போகும் விமானத்தின் வாலில் பெரும்பாலும் ஒரு பாராசூட்டும் இருக்கும். விரித்தால் வாலை மேலும் பின்னுமாக இழுத்து மூக்கை இறக்கும். பயணிகள் விமானத்தில் அதைத் தேடாதீர்கள், இருக்காது :)