ஏத்தின ஜிம்னியும் ஏத்தாத ஜிம்னியும்: குன்ஸும் கணவாய் வழி

ஹிமாச்சலில் மணாலியைத் தாண்டி, அடல் சுரங்கத்தின் வடக்கு வாசலில் வெளியே வந்து வலப்பக்கம் திரும்பி, கோக்சர் தாண்டி கிராம்ஃபூ வந்ததும் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போகும் ரோடு பிரிகிறது. அதன் பிறகு சத்ரு, பாதல், குன்ஸும், லோசர். சந்திரா ஆற்றை ஒட்டியே போகும் இந்தப் பாதையில் நிறைய இடத்தில் ரோடு எது, ஆற்றுப்படுகை எது என்று முன்னால் போன வண்டியின் தடத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நாங்கள் போனது இரண்டு ஜிம்னியில், மாருதியின் நாலு சக்கரமும் இழுக்கும் சின்ன ஜீப் அது. ஒன்று என்னுடையது, ஷோரூமிலிருந்து வந்தபடியே. இன்னொன்று தங்கச்சி வீட்டுக்காரருடையது. கோயம்புத்தூரிலேயே 40 மி.மீ. உயர ஸ்பிரிங், நீளமான ஷாக், 235/75 அளவில் டயர் என்று எல்லாம் மாற்றி வைத்திருந்தார். ஒரே மாடல், ஒரே ரோடு. இப்படி வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போடுவதால் உண்மையில் என்ன கிடைக்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு எனக்கு அமையாது.

சத்ருவில் கூடாரம் போட்ட அன்று சாயங்காலம் டேப்பை எடுத்துக்கொண்டு இரண்டு வண்டிக்கும் அடியில் படுத்துவிட்டேன். மாப்பிள்ளை வண்டியின் பாடி என்னுடையதைவிட ஏறக்குறைய 60 மி.மீ. உயரம். பக்கத்தில் நின்று பார்த்தாலே தெரியும். ஆனால் ஜிம்னியில் தரைக்கு மிக அருகில் இருப்பது டிஃபரன்ஷியல் உருண்டை, அதாவது ஆக்ஸில் நடுவே சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக்கொடுக்கும் கியர்கள் இருக்கும் கூடு. கம்பெனி சொல்லும் 210 மி.மீ. அங்கேதான். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அந்த உருண்டை ஒரு நூல்கூட மேலே வராது. அது ஆக்ஸிலோடு சேர்ந்தது, ஆக்ஸில் சக்கரத்தோடு சேர்ந்தது. டயர் பெரிதானால் மட்டும்தான் ஏறும், அதிலும் பாதிதான். 195/80-ஐக் கழற்றி 235/75 மாட்டினால் விட்டம் 40 மி.மீ. கூடும், அச்சுக்குக் கீழே கிடைப்பது 20. ஆக அவருக்கு உருண்டைக்கு அடியில் 230, எனக்கு 210.

"இவ்வளவு செலவு பண்ணி ரெண்டு சென்டிமீட்டருங்களா மச்சான்?" என்றார். முகம் கொஞ்சம் வாடித்தான் போனது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. மறுநாள் காலையில் லிஃப்ட் தன் வேலையைக் காட்டியது.

பாதல் போகும் வழியில் நாலாக்கள், அதாவது ரோட்டைக் குறுக்கே வெட்டிப் போகும் ஓடைகள், வரிசையாக வரும். பனி உருகி வரும் தண்ணீர் என்பதால் காலையில் முழங்காலுக்குக் கீழே ஓடுவது மதியத்துக்கு மேல் மிரட்டும். வெள்ளனே கிளம்பிவிடுவதுதான் முறை. ஒரு நாலாவில் தண்ணீரைத் தாண்டியதும் கரையேறும் இடத்தில் சரளையும் பாறையும் சேர்ந்து குவிந்து முதுகு மாதிரி ஒரு மேடு. வெளிநாட்டு மூன்று கதவு ஜிம்னிக்கு சக்கரங்களுக்கு இடையே 2,250 மி.மீ.; நம்மூர் ஐந்து கதவுக்கு 2,590. அந்தக் கூடுதல் நீளம் வயிற்றுப் பகுதியில்தான் வந்து உட்காருகிறது. மேடு தாண்டும் கோணம் நமக்கு 24 டிகிரிதான். முன் சக்கரம் இறங்க ஆரம்பித்ததும் என் வண்டி நடுவில் கரகரவென்று உரசிக்கொண்டு போனது. காலுக்கடியில் யாரோ அரம் போடுகிற சத்தம். மாப்பிள்ளை வண்டி தொடாமல் தாண்டிவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன், ஆள் சிரிக்கிறார்.

அடுத்த நாலாவில் வேறு மாதிரி சிக்கல். தடத்துக்கு நடுவே நிமிர்ந்து நிற்கும் ஒற்றைக் கல். எதிரே சுமோவில் வந்த ஸ்பிதிக்காரர் இறங்கி வந்து, "நடுவுல விட்டுப் போகாதீங்க, டயரை அது மேல ஏத்துங்க" என்று இந்தியில் சொன்னார். நாலு சக்கரமும் மெதுவாக, வலுவாக இழுக்கும் 4எல் கியரில் போட்டு, ஊர்ந்து, இடப்பக்க டயரைக் கல்மேல் ஏற்றினால் ஆக்ஸிலும் சேர்ந்து மேலே வந்துவிடுகிறது. இந்த இடத்தில் இரண்டு வண்டிக்கும் வித்தியாசமே இல்லை. எங்களுக்குப் பின்னால் வந்த ஹிமாச்சல் அரசு பஸ் எந்த கிட்டும் இல்லாமல் அதே நாலாவைத் தாண்டி, ஹார்ன் அடித்து எங்களை ஒதுங்கச் சொன்னது.

குன்ஸும் ஏற்றத்தில் பெரிய டயர் திருப்பி அடித்தது. கணவாய் 4,500 மீட்டருக்கு மேல். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் அறுபது சதவீதத்துக்கும் குறைவு. டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் அந்த அளவுக்கே மூச்சு வாங்கும். டயர் பெரிதானால் கியர் விகிதமும் ஆறு சதவீதம்போல இளகி, இழுவை அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. நான் இரண்டாவது கியரில் ஏறிய கொண்டை ஊசிகளில் அவர் முதல் கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. மேலே குன்ஸும் மாதா கோயிலை மற்ற வண்டிகளைப் போல நாங்களும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நிறுத்தினோம்.

லிஃப்ட் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த மாதிரி நாலாவைப் பற்றித்தான் பேசுவார்கள். கோயம்புத்தூரிலிருந்து மணாலி வரை மூவாயிரம் கிலோமீட்டர் ஹைவே இருக்கிறதே, அதையும் அதே உயரத்தில்தான் ஓட்டியாக வேண்டும். நாக்பூர் பக்கம் லாரியைத் தாண்டும்போதெல்லாம் மாப்பிள்ளை வண்டி தேர் மாதிரி அசைந்தது. இத்தனைக்கும் அவர் ஒழுங்காகச் செய்த ஆள். உயர்த்தியதும் முன் ஆக்ஸிலின் காஸ்டர் கோணம் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைந்து, ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாமல் போனது. அதைச் சரிசெய்யவென்று தனி ரப்பர் புஷ் போட்டார். ஆக்ஸிலைப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் ராடு பழைய நீளத்திலேயே இருந்ததால் ஆக்ஸில் ஒரு பக்கமாகத் தள்ளி நின்றது. நீளத்தை மாற்றக்கூடிய ராடு வாங்கினார். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தார். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி அனுப்பும் பட்டறைகளில் இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. ஸ்பீடோமீட்டர் 100 காட்டினால் வண்டி அதைவிட ஐந்தாறு கிலோமீட்டர் கூடவே போகும், அதுவும் தனி.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். வழியில் எங்களை யாரும் நிறுத்தவில்லை என்பது வேறு விஷயம். ஒரு விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் இதைக் காட்டியே கையை விரிக்கலாம். "அப்போ பாத்துக்கலாம் மச்சான்" என்கிறார் இவர்.

ஸ்பிதியின் முக்கிய ஊரான காஜாவில் பெட்ரோல் போட்டுவிட்டு என் வண்டியின் அடியைப் பார்த்தேன். நடுவில் சேஸிஸின் குறுக்குக் கம்பியில் பெயின்ட் போய் வெள்ளையாக ஒரு கீறல், ஒரு சாண் நீளம். நசுங்கல் இல்லை, ஒழுகல் இல்லை. என்னை மாதிரி வருஷத்தில் பெரும்பகுதி அவிநாசி ரோட்டில் ஓட்டுகிறவனுக்கு ஸ்பிரிங்கைத் தொடத் தேவையில்லை. முன், பின் ஆக்ஸில்களுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குக் கீழே ஒரு கெட்டியான தகடு போட்டால் தீர்ந்தது. ஊர் வந்ததும் கோயம்புத்தூர் கணபதி பகுதியில் ஒரு பட்டறையில் அளவு கொடுத்துவிட்டேன். மாப்பிள்ளையும் கூட வந்தார், தன் வண்டிக்கும் ஒன்று அடிக்கச் சொல்லி.